பரம்பரை வீடும் பேய்ப் படமும்: மாடம்பள்ளி முதல் அருவங்காடு வரை

கணவனும் மனைவியும் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். வீடு அவர்கள் கட்டியதல்ல. அப்பாவோ தாத்தாவோ விட்டுச் சென்றது. ஊரார் அந்த வீட்டைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. சில நாட்களில் அந்த அறை திறக்கப்படுகிறது. இந்த நான்கு வரிகளுக்குள் அடங்கும் திரைப்படங்கள் இந்திய மொழிகளில் ஏராளம். இவ்வகைப் படங்கள் 'பேய் வீட்டுப் படங்கள்' எனப் பொதுவாக அழைக்கப்படுகின்றன. அவற்றுள் பரம்பரைச் சொத்தாக வந்த வீட்டை மையமாகக் கொண்டவை தனி வகை. பேயைவிடச் சொத்தே அவற்றில் முக்கியம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வகையின் வரலாற்றையும், மலை பங்களா என்றதும் பேய் நினைவுக்கு வரும்படி ஆகிவிட்ட நீலகிரி மாவட்டத்தில் அதற்கு உள்ள இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வேர்கள்

தமிழ் மரபில் ஆவி குடியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் வீடுகள் அல்ல. புளியமரம், சுடுகாடு, பாழடைந்த மண்டபம், கிணறு, ஊர் எல்லை ஆகியவையே பேயின் இருப்பிடங்கள். வீட்டுக்குள் இறந்தவர் 'வீட்டுச் சாமி' ஆகிவிடுவார். கன்னியாக இறந்த பெண்ணுக்குப் புடவை வைத்துப் படைக்கும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. வெளியே இருப்பது பேய், உள்ளே இருப்பது தெய்வம் என்பது பழைய ஏற்பாடு.

இதற்கு விலக்காகச் சொல்லத்தக்கது பழையனூர் நீலி கதை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு வரும் வணிகனைத் தன் கணவன் என்று உரிமை கோருகிறாள் நீலி. முற்பிறவியில் அவனால் கொல்லப்பட்ட மனைவி அவள். வழக்கு வேளாளர் எழுபது பேரிடம் வருகிறது. அவர்கள் இருவரையும் அன்றிரவு ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். வணிகனின் உயிருக்குத் தங்கள் உயிரையே பிணையாகத் தருகிறார்கள். விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்க, எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். கணவன், மனைவி, பூட்டிய அறை, ஒரு பழைய குற்றம் என்று பிற்காலப் பேய்ப் படத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. சொத்து மட்டும் இல்லை.

சொத்து வந்து சேர்ந்தது ஐரோப்பாவிலிருந்து. ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற ஆங்கில நாவல் இவ்வகைக் கதைகளின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன் கதை எளியது. ஒருவனுடைய பாட்டனார் உரியவரிடமிருந்து கோட்டையை அபகரித்திருக்கிறார். பேரன் காலத்தில் அந்தக் கோட்டையே அவன் குடும்பத்தின் மீது திரும்புகிறது. அவன் மகன் திருமண நாளன்றே வானிலிருந்து விழுந்த பிரம்மாண்டத் தலைக்கவசத்தின் கீழ் நசுங்கிச் சாகிறான். முன்னோர் செய்த பிழையை வாரிசு சுமக்க வேண்டும் என்ற கருத்து அன்று முதல் இக்கதைகளின் முதுகெலும்பாகிவிட்டது.

வாரிசும் வாங்கியவரும்

ஏன் பரம்பரை வீடு? பேய் இருக்கும் வீட்டை விலைக்கு வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். இது வேடிக்கைப் பேச்சல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் இப்படியொரு வழக்கைத் தீர்த்தது. நயாக் என்ற ஊரில் ஒரு வீட்டின் உரிமையாளர், தம் வீட்டில் ஆவிகள் இருப்பதாகப் பத்திரிகைகளில் முன்பே பரப்பியிருந்தார். அதை மறைத்து வீட்டை விற்றார். வாங்கியவர் வழக்குத் தொடுத்தார். ஊரறிய ஆவி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என மறுக்க முடியாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்று நீதிமன்றம் கூறி, ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள அனுமதித்தது.

வாரிசுக்கு இந்த வழி கிடையாது. நம் ஊரில் வீடு வாங்குபவர் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்று. பேய் என்பது அந்தச் சான்றில் ஏறாத வில்லங்கம். வாங்குபவருக்கு அது ஏமாற்று. வாரிசுக்கோ அது உறவு. அந்தக் குற்றத்தைச் செய்தவர் அவருடைய தாத்தாவாக இருப்பார், அல்லது கொலையுண்டவள் அவருடைய அத்தையாக இருப்பாள். ஓடிப்போக முடியாததாலேயே பரம்பரை வீட்டுக் கதைக்கு வலு கூடுகிறது.

இன்னொரு கோணமும் உண்டு. பேயாக வருபவர் பெரும்பாலும் பெண். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசு பங்கு பிரிக்கக் கோர முடியாது, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தது. திருமணமாகாத, கணவனால் கைவிடப்பட்ட அல்லது கணவனை இழந்த மகளுக்கு அங்கே வசிக்க மட்டும் உரிமை உண்டு. தமிழ்நாடு 1989இல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. ஆனால் 23ஆம் பிரிவு மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் நீங்கியது. வசிக்கலாம், பங்கு கேட்கக் கூடாது என்ற அந்த நிலையைத்தான் திரைப்படப் பேய் அனுபவிக்கிறது. எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லாதவள் வீட்டை விட்டுப் போக மறுக்கிறாள்.

பம்பாயின் பங்கு

இந்தியத் திரையில் இவ்வகைக்கு வடிவம் கொடுத்தது 'மகல்' (1949). கமால் அம்ரோகி முதன்முதலில் இயக்கிய இந்தப் படத்தைப் பம்பாய் டாக்கீஸ் தயாரித்தது. அசோக் குமார், மதுபாலா நடித்தனர். குடும்பம் ஏலத்தில் எடுத்த மாளிகையில் தங்க வரும் இளைஞன், தன்னைப் போலவே இருக்கும் ஒருவரின் படத்தை அங்கே காண்கிறான். ஒரு பெண்ணின் பாட்டைக் கேட்கிறான். இறுதியில் அந்தப் பெண் பேயல்ல, வீட்டின் தோட்டக்காரர் மகள் என்று தெரிகிறது. இந்த முடிவைச் சப்பென்று ஆகிவிட்டதாகச் சொல்வோர் உண்டு. கவனித்துப் பார்த்தால் படத்தின் கூர்மையே அதுதான். மாளிகையில் காலமெல்லாம் வாழ்ந்து, அதன் ஒரு செங்கல்லுக்கும் உரிமையில்லாத வேலைக்காரர் குடும்பத்துப் பெண், அங்கே வாழ ஒரே வழியாகப் பேய் வேடத்தைத் தேர்ந்தெடுக்கிறாள்.

பீரேன் நாக் இயக்கிய 'பீஸ் சால் பாத்' (1962) ஜமீன் வாரிசு ஊர் திரும்பும் கதை. முன்னோர் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு இழைத்த கொடுமைக்கு வாரிசு அஞ்ச வேண்டியிருக்கிறது. 'வோ கௌன் தீ' (1964) படத்தில் பேயாகத் தோன்றுவதெல்லாம் சொத்துக்காகப் பின்னிய சதி. கதாநாயகனை மனநிலை தவறியவனாக்கிவிட்டால் சொத்து உறவினனுக்குப் போகும். இதுவே தமிழில் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிப்பில் 'யார் நீ?' (1966) என வந்தது. பேயை நம்பலாமா கூடாதா என்ற கேள்விக்குச் சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் இருபது ஆண்டுத் திரைப்படங்கள் பெரும்பாலும் 'கூடாது' என்றே விடை சொல்லின. பேயின் பின்னால் எப்போதும் ஓர் உயில் இருந்தது.

மலையாளத்தில் வந்த 'பார்கவி நிலையம்' (1964) வேறு வழியில் சென்றது. வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' என்ற சிறுகதையிலிருந்து அவரே திரைக்கதை எழுத, ஏ. வின்சென்ட் இயக்கினார். அதில் எழுத்தாளர் ஒருவர் பேய் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறார். வீட்டின் மீது அவருக்கு உரிமை எதுவும் இல்லை. ஆகவே பேயோடு பகையும் இல்லை. அவர் அதனோடு உட்கார்ந்து பேசுகிறார், அதன் கதையை எழுதுகிறார். வாடகைதாரரும் பேயும் சமமானவர்கள் என்பது பஷீருக்கே தோன்றக்கூடியது.

முட்டத்து வீடு

பரம்பரை வீட்டுப் படங்களில் முதலிடம் 'மணிச்சித்ரதாழ்' படத்துக்கு உரியது. ஃபாசில் இயக்கத்தில் 1993 டிசம்பரில் வெளியான இதன் திரைக்கதையை எழுதியவர் மது முட்டம். நகுலன் (சுரேஷ் கோபி), கங்கா (ஷோபனா) என்ற இளம் தம்பதி கல்கத்தாவிலிருந்து நகுலனின் பூர்வீக வீடான மாடம்பள்ளிக்கு வருகிறார்கள். வீட்டின் தெக்கினி என்னும் தென்பகுதி வேலைப்பாடு மிகுந்த பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டே படத்தின் பெயர். நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய கதையில், தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற நர்த்தகியை அந்த வீட்டுக் காரணவர் கொன்றிருக்கிறார். பூட்டைத் திறந்தபின் கங்கா நாகவல்லியாக மாறுகிறாள். மனநல மருத்துவர் சன்னி (மோகன்லால்) அதை நோயாகக் கண்டு குணப்படுத்துகிறார். ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

பேய் எதுவும் இல்லாத பேய்ப் படம் இது. கங்காவின் நோய்க்குப் படம் சொல்லும் காரணம், சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த தனிமை. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த துணை பாட்டி சொன்ன கதைகள்தான். கணவன் வீட்டுக்கு வந்தபின் அவளுக்குக் கிடைத்த துணையும் அந்த வீட்டின் கதையே. வீடு நகுலனுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது; அந்த வீட்டின் துயரமோ வெளியிலிருந்து வந்த மருமகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு பாகப்பிரிவினையை வேறெந்தப் படமும் இத்தனை தெளிவாகக் காட்டவில்லை.

கதைக்குத் தூண்டுதலாக இருந்தது கேரளத்தின் ஆலப்புழை மாவட்டம் முட்டத்தில் உள்ள ஆலும்மூட்டில் தறவாட்டில் நடந்த துயரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. செல்வமும் செல்வாக்கும் மிக்க ஈழவக் குடும்பம் அது. அங்கு மருமக்கத்தாய முறை நிலவியது. அதாவது சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மக்களுக்குப் போகும். காரணவர் தம் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிவைக்கப் போகிறார் என்ற அச்சத்தில் மருமகன் அவரையும் பணிப்பெண் ஒருவரையும் கொன்றதாகக் கூறப்படுகிறது. உண்மைக் கதையில் நர்த்தகியும் இல்லை, காதலும் இல்லை. வாரிசுரிமைத் தகராறு இருக்கிறது. அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பணிப்பெண்ணின் உயிர் போயிருக்கிறது. கேரளம் கூட்டுக்குடும்ப முறையை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது.

படப்பிடிப்பின் பெரும்பகுதி திருப்பூணித்துறை மலை அரண்மனையிலும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் நடந்தது. பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில் உள்ளது. தமிழக மண்ணில் நின்று கேரள அரசின் பொறுப்பில் இருக்கும் அந்த அரண்மனையே மாநிலப் பிரிவினை விட்டுச்சென்ற ஒரு பரம்பரைச் சொத்துதான். அதில் அலையும் பேய் தஞ்சாவூர்த் தமிழ் பேசுவது பொருத்தமே. நாகவல்லிக்குத் தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் துர்கா குரல் கொடுத்தார். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் குரல் யாருடையது என்பது பொதுவெளியில் தெளிவாக இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று.

விலைக்கு வாங்கிய வேட்டையபுரம்

இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) எனவும், தமிழில் 'சந்திரமுகி' (2005) எனவும் பி. வாசு இயக்கினார். தமிழ்ப் படத்தை சிவாஜி புரொடக்சன்ஸ் தயாரித்தது. சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம் அது. ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு, வடிவேலு ஆகியோரின் நடிப்பு எல்லோரும் அறிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒரு சிறிய மாற்றம். மாடம்பள்ளி நகுலனின் பூர்வீக வீடு. வேட்டையபுரம் அரண்மனையோ செந்தில்நாதன் விலைக்கு வாங்கியது.

இந்த மாற்றத்தால் கதையின் பாரம் முழுதும் இடம் மாறிவிடுகிறது. வேட்டைய மன்னனின் குற்றத்துக்கும் செந்தில்நாதன் குடும்பத்துக்கும் இரத்தத் தொடர்பு இல்லை. கணவன் குற்றவாளிக் குடும்பத்தின் வழித்தோன்றல் அல்ல, தெரியாமல் வாங்கிவிட்டவன். மலையாளத்தில் மனைவியின் நோய் கணவன் வீட்டுப் பாவத்தின் விளைவாகவும் படிக்கத்தக்கது. தமிழில் அது கட்டடத்தின் கோளாறு. படம் விறுவிறுப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலத்தில் இருந்த உறுத்தல் போய்விட்டது. இன்னொரு மாற்றமும் சுவையானது: மலையாளத்தில் தமிழ் பேசிய நர்த்தகி, தமிழில் தெலுங்கு பேசுகிறாள். பேய் எப்போதும் பக்கத்து மாநிலத்துக்காரியே. இந்தியில் பிரியதர்சன் 'பூல் புலையா' (2007) எடுத்தபோது வீடு மீண்டும் பரம்பரை அரண்மனை ஆயிற்று. மூலப் படத்தில் இரண்டாம் அணி இயக்குநர்களுள் ஒருவராகப் பணியாற்றியவர் அவர்.

அதற்கு முன்னும் தமிழில் இவ்வகை இல்லாமலில்லை. மலையாள 'யட்சகானம்' (1976) படத்தைத் தழுவித் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978), பேபி இயக்கிய '13ஆம் நம்பர் வீடு' (1990) ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஆனால் 2009இல் வெளிவந்த 'யாவரும் நலம்' நகரத்துப் புதிய அடுக்ககத்துக்குப் பேயைக் கொண்டுவந்தபின், பழைய வீடு இனித் தேவையில்லை என்றே பலரும் எண்ணினர்.

அது நடக்கவில்லை. நான்கே ஆண்டுகளில் பரம்பரை வீடு திரும்பி வந்தது. இம்முறை 'விற்பனைக்கு' என்ற பலகையுடன். 2013 நவம்பரில் வெளியான 'பீட்சா 2: வில்லா' படத்தை தீபன் சக்கரவர்த்தி இயக்கினார். துப்பறியும் நாவல் எழுதும் ஜெபினுக்கு (அசோக் செல்வன்) தந்தை இறந்தபின் புதுச்சேரியில் ஒரு வில்லா இருப்பது தெரிகிறது. பணமுடையில் இருக்கும் அவனுக்கு அது விற்க வேண்டிய சொத்து. அவனுடன் அங்கே செல்லும் ஆர்த்தியாக சஞ்சிதா ஷெட்டி நடித்தார். தந்தை வரைந்த ஓவியங்கள் வரப்போவதை முன்கூட்டியே காட்டுகின்றன. படம் வீட்டின் தீமையை விளக்க எதிர்மறை ஆற்றல் என்றெல்லாம் நீண்ட விளக்கம் தருவது அதன் பலவீனம். தந்தையைச் சரியாக அறியாத மகன், அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பொருள்களின் வழியே அவரைப் படிப்பது அதன் பலம். பெற்றோர் இறந்தபின் பீரோவைத் திறந்து பார்த்த எவருக்கும் அந்தக் காட்சிகள் புரியும்.

அடுத்த ஆண்டு சுந்தர் சி. இயக்கிய 'அரண்மனை' வந்தது. அதிலும் முரளி, மாதவி தம்பதி ஊருக்கு வருவது பூர்வீக அரண்மனையை விற்க. 'ஆயிரம் ஜென்மங்கள்' படத்தை ஒத்திருக்கிறது என்று அப்படத்தின் மீது வழக்கும் எழுந்தது. பேய்க் கதைக்கே வாரிசுரிமை வழக்கு வந்த கதை இது. அரண்மனை வரிசை நான்கு படங்கள்வரை நீண்டது. நிலத்தின் விலை ஏறிய ஆண்டுகளில், ஊரில் பூட்டிக்கிடந்த வீடுகளை விற்க நகரத்துப் பிள்ளைகள் திரும்பி வந்தனர். அந்தக் காலத்தில்தான் இப்படங்கள் வந்தன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' (2015) சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் உண்மையில் உள்ள ஒரு குடியிருப்பின் பெயரைக் கொண்டது. ஜான் டி மான்ட்டி போர்ச்சுகீசிய வழிவந்த பெரும் வணிகர். மகன் அவருக்கு முன்பே இறந்துவிட்டான். 1821இல் இறந்த அவருடைய சொத்துகள் உயிலின்படி கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சென்றன. கோவளத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். வாரிசு இல்லாமல் போனது என்ற ஒரு வரி உண்மையிலிருந்து, ஆள் இல்லாத வீடுகளைப் பற்றிய வதந்தியும், வதந்தியிலிருந்து படமும் பிறந்தன. அறத்துக்காகச் சொத்தை எழுதிவைத்த ஒருவரின் பெயர் இன்று இளைஞர்களுக்குப் பேயின் பெயராகவே தெரிந்திருப்பது வருந்தத்தக்கது.

மலை பங்களா

நீலகிரிக்கு வருவோம். மலையில் பங்களா என்ற ஒன்று தோன்றியே இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். கோத்தகிரி அருகே முதலில் வீடு அமைத்தார். பின்னர் 1822இல் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. அந்த நிலம் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கப்பட்டதாகச் சொல்வர். தோடர் நம்பிக்கையில் இறந்தவர்கள் மேற்கே உள்ள மறுவுலகுக்குச் செல்கிறார்கள். வீட்டில் தங்கி அலைவதில்லை. பங்களாவோடு வந்தது பங்களாப் பேய்.

அந்தக் கட்டடங்களில் உண்மையான துயரம் இல்லாமலில்லை. சல்லிவனின் மனைவியும் மகளும் 1838இல் இறந்து உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கமாயினர். அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து எடுத்து வரப்பட்ட மரங்கள். நடுவட்டத்தின் சிங்கோனாத் தோட்டங்களில் வேலை செய்யச் சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அடைபட்டிருந்த சிறை இன்றும் நிற்கிறது. ஆனால் திரைப்படங்கள் இவற்றில் எதையும் தொடவில்லை. காஷ்மீரில் படப்பிடிப்பு கடினமான ஆண்டுகளில் உதகை இந்திப் படங்களுக்கு மாற்று இடமாயிற்று. விக்ரம் பட் இயக்கிய 'ராஸ்' (2002) முறிந்துகொண்டிருக்கும் திருமணத்தைச் சேர்த்துவைக்க உதகை வீட்டுக்கு வரும் தம்பதியின் கதை. பிபாஷா பாசு, டினோ மோரியா நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றது. ஹாலிவுட்டின் 'வாட் லைஸ் பினீத்' (2000) படத்தைத் தழுவிய அக்கதைக்கு உதகையின் வரலாற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை. பனியும் யூகலிப்டஸ் மரங்களும் போதுமானவையாக இருந்தன. அதன்பின் உதகையில் பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் பேய்க்கதை சொல்லும் பழக்கம் சுற்றுலாப் பயணிகளிடையே பெருகியது. கட்டடத்தின் உண்மை வரலாறு கேட்பார் குறைவு.

அருவங்காடு

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலை ரயில் பாதையில் உள்ள ஊர் அருவங்காடு. 'அருவம்' என்றால் உருவமற்றது என்று அகராதி சொல்லும். அடுத்து இருப்பது காட்டேரி; தமிழ் நாட்டுப்புறத்தில் அது அச்சமூட்டும் பெண் தெய்வத்தின் பெயரும் ஆகும். படமெடுப்பவர்களுக்கு இவ்விரண்டு பெயர்களும் போதும். காடு, ஏரி என்று பிரித்துப் படிப்பவர்களும் உண்டு என்பதைச் சொல்லிவைப்பது நல்லது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்தபோது அதற்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்துதான் வந்தது. இந்தியாவின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களுள் அது ஒன்று. பேயை விரட்டும் மின்விளக்கு காட்டேரியிலிருந்தே வந்தது என்பது ஊரார் சொல்லிச் சிரிக்கத்தக்க செய்தி.

அங்கே தயாரான கார்டைட் என்ற புகை குறைந்த வெடிமருந்தின் முக்கியக் கூறு நைட்ரோசெல்லுலோஸ். ஏறத்தாழ 1950வரை திரைப்படச் சுருள்களும் அதே பொருளாலேயே செய்யப்பட்டன. நைட்ரஜன் அளவில்தான் வேறுபாடு. எளிதில் தீப்பற்றுவதும் நாளடைவில் தானே சிதைவதும் அதன் இயல்பு. தொடக்ககாலத் தென்னிந்தியப் படங்களில் மிகப் பல இன்று கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் தமிழ்ப் பேசும் படம் எனப்படும் 'காளிதாஸ்' (1931) படத்தின் பிரதிகூட இல்லை. திரைப்படத்தின் பரம்பரைச் சொத்தே அப்படித்தான் போயிற்று.

அருவங்காட்டில் பரம்பரை வீட்டுப் பேய்க் கதை எடுபடாததற்கு ஒரு காரணம் உண்டு. ஊரின் பெரும்பகுதி தொழிற்சாலைக் குடியிருப்பு. அப்பா வேலையில் இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். அடுத்த குடும்பம் வெள்ளையடித்துக் குடிவரும். பிறந்து வளர்ந்து மணமான வீட்டை ஒருநாள் லாரியில் சாமான் ஏற்றி விட்டுப்போகும் வாழ்க்கை அது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளிலும் அதே நிலை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களிலும், மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் ஓய்வுக்குப்பின் எங்கே போவது என்ற கேள்வி தீரவில்லை. கண்டியில் விட்டுவந்ததும் லயத்து அறை. இங்கே கிடைத்ததும் லைன் வீடு. தோட்ட பங்களாவைப் பற்றிப் படம் எடுப்போர் துரையையோ துரைசானியையோ பேயாக்குகிறார்கள். கொழுந்து பறித்தவள் இதுவரை எந்தப் படத்திலும் அந்த வீட்டுக்கு உரிமை கேட்டு வந்ததாகத் தெரியவில்லை.

உதகையை அடுத்த இந்து நகரில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம், 1967 முதல் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும் எக்ஸ்ரே படச் சுருள்களையும் தயாரித்தது. டிஜிட்டல் முறை வந்தபின் சுருளுக்குத் தேவை குறைந்தது. நிறுவனம் நலிந்து மூடப்பட்டது. அதன் குடியிருப்புகளில் வாழ்ந்தோரும் சாவியை ஒப்படைத்துச் சென்றனர். 'மணிச்சித்ரதாழ்' 2024 ஆகஸ்டில் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. மூல நெகட்டிவிலிருந்து காட்சிகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, தெக்கினியின் பூட்டைப் புதிய தலைமுறைக்காக இன்னொரு முறை திறந்தார்கள்.